கறுப்பும் ரத்தம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழின் உடல்நலப் பக்கத்தில் 'மலத்தில் ரத்தம்' பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்து முடித்தேன். மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கட்டுரை முழுக்க ரத்தம் என்றால் சிவப்பு, கறுப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் பக்கம் பாதிச் சுவரில் மூலம் பவுத்திரம் போஸ்டர்தான் ஒட்டியிருக்கும், சிவப்பைப் பார்த்துப் பயப்பட எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். கறுப்பைப் பார்த்தால்தான் யாருக்கும் பயம் வருவதில்லை. மருந்துக்கடைக்காரனான எனக்கே வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

தண்டையார்பேட்டையில் 22 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என் அக்கா வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. பத்து நாள் தங்கல் போய்விட்டு வந்தால் இடுப்பு, முட்டி எல்லாம் கழன்றுபோயிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் கடைக்கு வந்து, "பத்து நாளைக்கு செட்டு போட்டுக் குடு தம்பி" என்பார். மாமா கேட்டால் எப்படி இல்லை என்பது? டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, கேஸ் மாத்திரை ஒன்று என்று சின்னச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். டாக்டர் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

படகில் கக்கூஸ் கிடையாது. ஓரமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான், போவது கடலோடு போய்விடும், என்ன நிறம் என்று யார் பார்க்கிறார்கள். ஒரு தடவை அப்படிப் போயிருந்தபோது தலை சுற்றியதும், பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்திருக்கிறார். கரைக்கு வந்த ராத்திரி அக்கா போன் செய்தாள். "தம்பி, மாமாவுக்கு தார் ஊத்தின மாதிரி போயிருக்குடா, மூணு பக்கெட்டு தண்ணி ஊத்தியும் ஒட்டிக்கினு போவ மாட்டேங்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா கேளு, இரும்புச் சத்துக்குக் கறுப்பாகத்தான் போகும் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் கறுப்பு கரும்பச்சை கலந்திருக்கும், இப்படித் தார் மாதிரி ஒட்டாது, இப்படி நாறாது. மீன் கழிவு வாடையிலேயே பிறந்து வளர்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டேன் என்று சொல்கிறாள், அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் காலை கல்மண்டபம் பக்கம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 5. நாலு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

எண்டோஸ்கோப்பி முடிந்ததும் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் ஒரு தாளின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். மருந்தாளுநர் படிப்பான டி.ஃபார்ம் படிக்கும்போது மனப்பாடம் செய்து மறந்ததுதான் எல்லாம், ஆனாலும் எனக்கு அது விளங்கியது வீட்டில் போட்டி சுத்தம் செய்வதை நினைத்த பிறகு. ஆட்டுக்குடலைக் கழுவியவர்களுக்குத் தெரியும், குடல் தனியாக வராது, கொழுப்பும் மெல்லிய ஜவ்வும் விசிறி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஜவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சிவப்புக் கோடுகள் வளைவு வளைவாக ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசி வளைவிலிருந்து குட்டிக் குட்டிக் கோடுகளாகக் குடலுக்குள் இறங்கும். நமக்கும் அப்படித்தான். முதுகெலும்பை ஒட்டி இறங்குகிற பெருந்தமனியிலிருந்து வயிற்றுக்கும் குடலுக்கும் மூன்று கிளை பிரிகிறது. மேல் கிளை இரைப்பை, ஈரல், மண்ணீரல் (கறிக்கடையில் சுவரொட்டி என்போமே, அதுதான்), டியோடினம் என்கிற சிறுகுடலின் முதல் பகுதியில் மேல்பாதி ஆகியவற்றுக்கு. நடுக் கிளை மிச்ச சிறுகுடல் முழுக்கவும் பெருங்குடலில் பாதிக்கு மேலும். கடைசிக் கிளை இடது பக்கப் பெருங்குடலுக்கு. நடுக் கிளையும் கடைசிக் கிளையும் சந்திக்கிற இடம் மண்ணீரலுக்குக் கீழே இருக்கிற வளைவு, அது எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாய் மாதிரி. பிரஷர் குறைந்தால் முதலில் நின்றுபோவது அங்கேதான். வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் படுத்துவிட்டால் அந்த இடம் புண்ணாகி ரத்தமாகப் போவது அதனால்.

மாமாவுக்கு வந்தது மேலே. இரைப்பையைத் தாண்டியதும் வருகிற டியோடினத்தின் முதல் துண்டுக்கு நேர் பின்னால் மேல் கிளையிலிருந்து வருகிற ஒரு தமனி போகிறது. பின்சுவரில் புண் வந்து ஆழமாகப் போனால் நேராக அந்தத் தமனியைத்தான் அரிக்கும். மாமாவுக்குப் புண்ணுக்கு நடுவில் ரத்தக்குழாய் நீட்டிக்கொண்டிருந்ததாம், அட்ரினலின் ஊசி போட்டு கிளிப் மாட்டி நிறுத்தினார்கள். அங்கே கசிகிற ரத்தம் ஆறு மீட்டர் சிறுகுடலையும் பெருங்குடலையும் கடந்து வருவதற்குள் அமிலமும் கிருமியும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கிவிடும். இதற்கு நிறைய ரத்தம் வேண்டாம், 50 முதல் 100 மில்லி கசிந்தாலே கறுக்கும். வாந்தி எடுத்தால் காபித்தூள் கலந்த மாதிரி வரும். அப்புறம் ஒரு விஷயம், மேலே மடை திறந்த மாதிரி கொட்டினால் கறுக்க நேரமே இருக்காது, சிவப்பாகவே வரும். ஆக சிவப்பு என்றால் மூலம் என்று முடிவு கட்டுவதும் தப்பு. வயசானவர்களுக்கு வலியே இல்லாமல் சிவப்பாகப் போனால் பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம், போஸ்டர் நம்பருக்குப் போன் போடுகிற விஷயம் இல்லை அது.

குடிக்கிறவர்கள் கதை தனி. குடலிலிருந்து திரும்புகிற ரத்தம் எல்லாம் ஒரே சிரையில் சேர்ந்து ஈரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். ஈரல் சுருங்கிக் கெட்டியானால் வழி அடைத்து, கால்வாய் நிறைந்தால் தெருச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருமே, அது மாதிரி உணவுக்குழாயின் அடிப்பக்கச் சிரைகள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். தண்ணீர்க் குழாயும் சாக்கடையும்தான் எங்களுக்குத் தெரிந்த உவமை, மன்னிக்கவும்.

கடையில் தினம் நாலு பேராவது "எனக்கு அல்சர், காரம் ஆவாது" என்பார்கள். காரம் எரிச்சல் கொடுக்கும், புண்ணை உண்டாக்காது. முக்கியமான காரணம் இரண்டு. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமி. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வரவைத்துக் காட்டினார், 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் கிடைத்தது. மாமாவுக்கும் அந்தக் கிருமி இருந்தது, 14 நாள் மாத்திரையில் போயிற்று. இன்னொன்று என் காகித உறையில் இருந்த வலி மாத்திரை.

"சாப்டுட்டுப் போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ. வலி மாத்திரை இரைப்பையைக் கெடுப்பது அங்கே உரசுவதால் மட்டும் இல்லை. ரத்தத்தில் கலந்த பிறகு, இரைப்பைச் சுவரில் வழவழப்புப் பூச்சைச் சுரக்க வைக்கிற புரோஸ்டாகிளாண்டினை உடம்பு தயாரிப்பதையே அது குறைத்துவிடுகிறது. அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும், இடுப்பில் ஊசியாகவே போட்டாலும் ஆபத்து போகாது. சில கடை செட்டில் சீக்கிரம் கேட்கட்டும் என்று ஸ்டீராய்டையும் சேர்க்கிறார்கள், வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து இன்னும் ஏறும். அதற்காக இதயத்துக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், அதைக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த இதழில் இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள் சார். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றத்தோடு கறுப்பாகப் போனால், கூடவே தலைசுற்றல், படபடப்பு இருந்தால், கேஸ் மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று ராத்திரியே 108ஐக் கூப்பிட வேண்டும். நான் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

மாமா மறுபடி தொழிலுக்குப் போகிறார், செட்டு மட்டும் கேட்பதில்லை. மற்றவர்கள் கேட்கிறார்கள். "கறுப்பா போவுதா?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். சீட்டு இல்லாமல் இல்லை என்றதும் இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டு, என் கடை வாசல் வழியாகவே திரும்பிப் போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரன்,
தண்டையார்பேட்டை.