இஸ்திரி அண்ணாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று மதியம் ப்ராஜெக்ட் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்தது. வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். பேச்சு வரவில்லை. "சரி, அழுதுட்டு நிதானமா வா" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னும் சில வாரத்தில் என் எம்.பி.ஏ. முடிகிறது. பைண்டிங் ஆகிப் போன ரிப்போர்ட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. முதல்வர், துறைத் தலைவர், கைடு, பெற்றோர், நண்பர்கள் என்று வழக்கமான வரிசையில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். நான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேனோ அவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையைப் பற்றி நம் ஊர்க்காரர்களிடம் நான் என்ன சொல்வது? ஃபெஞ்சல் புயல் கரை கடந்துவிட்டது, அப்பாடா என்று உட்கார்ந்த பிறகுதானே தென்பெண்ணை ஆற்று வெள்ளம் வந்தது. எங்கள் வீடு கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடியில். ஆள் பிழைத்தோம், அது போதும். என் கட்டிலுக்கடியில் இருந்த ஒரு துணிப்பையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதில் 132 பேர் பதில் சொன்ன கேள்வித்தாள்கள் இருந்தன. ஆளுக்கு இரண்டு தாள். கடலூர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் அக்காக்கள் அன்றன்றைக்கு முதலுக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் ப்ராஜெக்ட். செப்டம்பரிலிருந்து விடுமுறை நாட்களில் எல்லாம் துறைமுகம் இருக்கும் முதுநகர் போய், பேரம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. தண்ணீர் வடிந்து பையை எடுத்தபோது களிமண் உருண்டை போல இருந்தது.

மஞ்சக்குப்பத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். "இதுக்கா அழற? எல்லாரும் பண்றதுதான், புது ஃபாரம் எடுத்து நீயே டிக் பண்ணிடு" என்று தெரிந்த ஒருவர் சொன்னார். மறைக்காமல் சொல்கிறேன், நான் அதற்குத் தயாராகிவிட்டேன். வெற்றுத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்தேன். ஒரே கையெழுத்தாகத் தெரியக்கூடாது என்று நீலம், கறுப்பு என்று பேனாவும் வாங்கினேன். இரண்டு இரவு உட்கார்ந்தால் முடிந்திருக்கும்.

நனைந்த தாள்களை ஏனோ தூக்கிப் போட மனம் வரவில்லை. சித்தி வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தேன். எதிர்ச்சாரியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். அந்த அண்ணாவோடு அதற்கு முன் நான் பேசியதே இல்லை. அவர் சாலையைத் தாண்டி வந்து ஒரு தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"காய வெக்காத பாப்பா. காஞ்சுதுன்னா அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கும், அப்புறம் பிரியாது. ஈரத்தோட கொண்டா."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "தானே புயலப்போ ரேஷன் கார்டு, நெலப் பத்திரம், புள்ளைங்க சர்டிபிகேட்டுன்னு எவ்ளோ தேய்ச்சிருக்கேன்." 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானேயின்போது நான் சின்னப் பிள்ளை. ஓடு பறந்ததும் பலாவும் முந்திரியும் சாய்ந்ததும் நினைவிருக்கிறது. தெருமுனையில் ஒருவர் ஊராரின் பத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

தாள்களை வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதெல்லாம் நெசமா ஆளுங்கள கேட்டு எழுதுனதா?"

"ஆமாண்ணா."

"அப்ப விடக்கூடாது."

மூன்று நாள் மாலையில் அது நடந்தது. பெட்டியில் நெருப்பு தணியும்வரை காத்திருப்பார். கீழே ஒரு பழைய வேட்டி, மேலே ஒரு வேட்டித் துண்டு, நடுவில் தாள். அழுத்தவே மாட்டார், பெட்டியை ஓட்டிக்கொண்டு போவார். ஒட்டிய தாள்களை ஓரத்திலிருந்து விரல் நுனியால் பிரித்துக் கொடுப்பது என் வேலை. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது எல்லாம் அப்படியே நின்றது. ஜெல் பேனாவில் எழுதிய 19 பேரின் பதில்கள் கரைந்து போயிருந்தன. 113 பேர் திரும்பக் கிடைத்தார்கள்.

காசு கொடுக்கப் போனேன். "சட்டைக்கு ரேட் இருக்கு, பேண்டுக்கு இருக்கு. பேப்பருக்கு எங்கிட்ட ரேட் இல்ல பாப்பா" என்றார். அந்த வாரம் அவர் வண்டிக்குத் துணியே வரவில்லை என்று சித்தி அப்புறம் சொன்னார். ஊரே சேறு அலசிக்கொண்டிருந்தபோது யார் தேய்க்கக் கொடுப்பார்கள்? அப்படியென்றால் அந்த மூன்று மாலையும் அவர் கரி வாங்கிப் பற்றவைத்தது எனக்காக மட்டும்தான். அவர் தொழிலில் கைக்காசு போட்டு வாங்க வேண்டியது கரி ஒன்றுதான். வருமானமே இல்லாத வாரத்தில் அதைச் செலவழித்திருக்கிறார். இரண்டு வருடமாக எதற்கு எவ்வளவு அடக்கம், எங்கே லாபம் தொடங்கும் என்றுதான் படித்தேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவும் வேண்டாம் என்று தோன்றுகிறது.

நேற்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தத் தாள்களில் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் லேசாகப் பழுப்பேறியிருக்கும். "இது ஒரிஜினலா?" என்று கேட்டார். நான் "ஆமாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத் தலை நிமிர்ந்து சொல்ல வைத்தது நீங்கள்தான், அண்ணா. வாங்கிய பேனாக்கள் இன்னும் என் பையில் இருக்கின்றன.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மொட்டைமாடியிலிருந்து எங்களை இறக்கிய மீனவ அண்ணன்கள், ஒரு மாதம் லேப்டாப்பைத் தந்த விடுதித் தோழி, தேதியைத் தள்ளி வைத்த கைடு, ஆல்பேட்டைப் பாலம் தாண்டி ஓடி வருகிற என்னைப் பார்த்ததும் விசில் கொடுத்து நிறுத்தும் புதுச்சேரி பஸ் கண்டக்டர், கிருமாம்பாக்கம் வரை தூங்கவிட்டு அரியாங்குப்பத்தில் எழுப்பிவிடும் பக்கத்து சீட்டு அக்கா, எங்கள் துணியையும் சேர்த்துத் துவைத்த சித்தி. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

கரைந்துபோன 19 பேர் இடத்துக்கு மறுபடி உட்கார்ந்து பதில் சொன்ன துறைமுகத்து அக்காக்களே, உங்களுக்கு நான் நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தினமும் வசூலிக்கும் தண்டல் கடனின் கணக்கை நீங்கள்தான் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். பத்தாயிரம் என்று பேர், கையில் வருவது 8,500, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வட்டி சுமார் 120 சதவீதம் வருகிறது. இவ்வளவு கொடுப்பதற்குப் பதில் பேங்குக்குப் போகலாமே என்று நான் புத்தகத்தில் படித்ததைக் கேட்டபோது, "வெடிகாலம் ஏலத்துக்கு பேங்க் தொறந்திருக்குமா பாப்பா?" என்று கேட்டீர்கள். விடியலில் வாங்கி, மதியத்துக்குள் விற்று, சாயங்காலம் திருப்பிக் கட்டும் ஒரு தொழிலுக்குப் பத்து மணிக்குத் திறக்கும் கடன் எதற்கு? என் ரிப்போர்ட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

வேலை கிடைத்திருக்கிறது, ஜூனில் சேர வேண்டும். கடன் கொடுக்கும் நிறுவனம்தான். அந்தக் கேள்வியை அங்கே கேட்காமல் இருக்க மாட்டேன்.

கடைசி நாள் ஒரு அக்கா கேட்டார்: "எல்லாரும் எழுதிக்கினு போறீங்க. என்ன எழுதுனீங்கன்னு யாராச்சும் வந்து சொல்லுவீங்களா?" வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் விசைப்படகு போகாது, உங்களில் பலரை ஒரே இடத்தில் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் தமிழில் ஒரே பக்கமாகச் சுருக்கி எழுதிவிட்டேன். சனிக்கிழமை விடியற்காலை ஏலத்துக்கு வந்துவிடுவேன். வியாபாரம் முடியும்வரை காத்திருக்கிறேன், உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
குண்டு உப்பலவாடியிலிருந்து உங்கள் பாப்பா