கரப்பான் பூச்சியும் குழந்தைகளின் மூச்சிரைப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் பிறந்துவிட்டால், மியான்மரின் யாங்கூன் நகர நடுப்பகுதியின் பழைய மாடி வீடுகளில் வாழும் நம்மவர் பிள்ளைகள் பலர் இரவெல்லாம் இருமி மூச்சு வாங்குவதைக் காண்கிறேன். என் பேத்திக்கும் மூன்று ஆண்டுகளாக இதே துன்பம். சளிதான் என்று எண்ணி, மஞ்சள் பால், ஆவி பிடித்தல் என்று காலம் கடத்தினோம். ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமா என்று கண்டறிந்த மருத்துவர், வீட்டில் கரப்பான் பூச்சி மிகுதியா என்று கேட்டபோதுதான் எங்களுக்கு விழிப்பு ஏற்பட்டது.

கரப்பானின் எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த தோல், செத்த உடல் ஆகியவற்றிலுள்ள புரதங்கள் தூசியோடு கலந்து படுக்கையிலும் தரையிலும் படிகின்றன. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும் பாயை உதறும்போதும் அவை மேலெழுந்து மூச்சில் புகுகின்றன. அமெரிக்க நகரங்களின் நெருக்கமான பகுதிகளில் 476 ஆஸ்துமாக் குழந்தைகளிடம் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறைத் தூசியிலும் அப்புரதம் மிகுந்திருந்த குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட மூன்று மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குழந்தைகளின் தோல் நோய்க்கும் கரப்பான் என்றே பெயரிட்ட நாம், மூச்சு நோயோடு இப்பூச்சியைச் சேர்த்து நினைக்கத் தவறிவிட்டோம்.

பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கும் வழக்கம் இங்கே வேதனை தருவதாகும். அந்த நெடியே மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். பூச்சி செத்தாலும் அதன் துகள்கள் பல மாதங்கள் வீட்டிலேயே தங்கும். அலமாரிக் கீல், அடுப்பின் பின்புறம், கழுவுதொட்டியின் அடி ஆகிய இடுக்குகளில், குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு, பொட்டுப் பொட்டாக ஜெல் மருந்து வைப்பதும், உணவை மூடி வைப்பதும், ஒழுகும் குழாயை அடைப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும், படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைப்பதும் பயன் தருகின்றன. நாங்கள் இவ்வாறு செய்யத் தொடங்கிய பின் பேத்தி ஓரளவு நிம்மதியாக உறங்குகிறாள்.

ஆயினும் ஒரு வீடு மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை. இரு வரிசைக் கட்டடங்களுக்கு இடையிலுள்ள பின்சந்தில் மாடியிலிருந்து எறியப்படும் குப்பையில் பெருகும் பூச்சிகள், கழிவுநீர்க் குழாய் வழியே எல்லா வீடுகளுக்கும் ஏறி வருகின்றன. எனவே, கட்டடவாசிகள் ஒன்றுகூடிப் பின்சந்தைத் துப்புரவு செய்யவும் ஒரே நாளில் எல்லா வீடுகளிலும் மருந்து வைக்கவும் தூண்டும் வகையில், மழை வலுக்கும் முன்பே ஒரு மருத்துவரின் விளக்கத்தை எளிய தமிழில் தங்கள் இதழில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
யாங்கூன்