நொதியங்களைக் குளிரறையில் வைத்து விடுவியுங்கள்

ஆய்வுப் பொருள்களின் இறக்குமதியை அனுமதித்து விடுவிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலுள்ள எமது ஆய்வுகூடத்துக்குத் தருவித்த நொதியம் இம்முறையும் செயலிழந்தே வந்து சேர்ந்திருக்கிறது. 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கவேண்டும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தும், ஆவணமொன்றில் கையொப்பம் இல்லையென்று விடுமுறை முழுவதும் அது சாதாரணக் களஞ்சியத்தில் கிடந்தது. எமது கைக்கு வந்தபோது குளிரூட்டும் பொதிகள் முற்றாக உருகி, குப்பியும் வெதுவெதுப்பாக இருந்தது. மாணவி அதிலிருந்து சில துளிகளைச் சோதனைக் கரைசலில் கலந்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்தார். நொதியம் வேலை செய்தால் இறங்கவேண்டிய கோடு கடைசிவரை கிடையாகவே சென்றது. வெப்பத்தால் இப்படிக் கெட்டுப்போன நொதியத்தைத் திரும்பக் குளிரில் வைத்துப் பயனில்லை.

அந்த நொதியம் பெருலோயில் எசுத்தரேசு. நெற்தவிட்டின் கலச்சுவரில் சீனிச் சங்கிலிகளோடு பிணைந்திருக்கும் பெரூலிக் அமிலத்தை அது பிரித்தெடுக்கும். அவ்வமிலத்தை நுண்ணங்கிகளின் நொதியங்கள் வனிலாவின் மணத்தைத் தரும் வனிலினாக மாற்றும். உலகச் சந்தையிலுள்ள வனிலினின் பெரும்பகுதி பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படுவது. தவிட்டிலிருந்து நொதியங்களால் பெறும் வனிலினையோ இயற்கைச் சுவையூட்டியாகக் கொள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதி இடமளிக்கிறது. அதற்குக் கிடைக்கும் விலையும் பன்மடங்கு. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைகளிலிருந்து மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகப் போகும் தவிட்டைத்தான் சொல்கிறேன்.

குளிர் பேணவேண்டிய நொதியங்களைக் குளிரறையில் வைத்து விடுவியுங்கள் என்பதே எமது கோரிக்கை. இதை முன்னரும் எழுத்தில் கேட்டோம், பதில் வரவில்லை. கிழக்கில் ஆய்வு செய்பவர் ஒரு கையொப்பத்துக்காகக் கொழும்புக்கு இரவு பஸ் ஏறவேண்டியிருப்பதும், அதற்குள் மாணவரின் ஆய்வுக்காலம் கரைந்துபோவதும் யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை. இந்த மாணவிக்கு இன்னொரு குப்பி வாங்க ஆய்வுநிதியில் பணமில்லை என்பதை வேதனையோடு தெரிவிக்கிறேன்.

ஆவணங்களைப் பொதி வருமுன்னரே பரிசீலித்து, குறைகளை உடனே அறிவித்து, விடுவிக்கும் வரை நொதியங்களைக் குளிரறையில் வைக்க ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உயிர் இரசாயனவியல் விரிவுரையாளர்,
மட்டக்களப்பு