காகம் கத்திய பெயர்

முள்ளியவளை

அன்பு மகள்,

சிட்டிசன் எடுக்கும்போது நச்செள்ளை என்ற பெயரை ‘நஷ்’ என்று சுருக்கிவிடவா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். அடுப்பில் கறி இருந்தது, பிறகு கதைப்போம் என்று வைத்துவிட்டேன். போனில் சொன்னால் இடையில் வேறு கதை தொடங்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா இருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் ‘நச்சு, நச்சு’ என்று பகிடி பண்ணுகிறார்கள் என்று அழுதுகொண்டு வருவாய். நஞ்சுக்கும் உனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செள்ளைதான் பெயர். முன்னால் நிற்கிற ‘ந’ நல்ல என்பதைக் குறிக்கும், கீரன் நக்கீரன் ஆனதுபோல. சேரும்போது ச் இரட்டித்தது, அவ்வளவுதான். நச்சு என்றே பார்த்தாலும், பழைய தமிழில் நச்சுதல் என்றால் விரும்புதல். வள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் வைத்திருக்கிறார்: ‘நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.’ முதலாவது விருப்பம், இரண்டாவது நஞ்சு. பகிடி பண்ணினவர்களுக்கு அப்போதே இதைச் சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

1997 இல் ஓமந்தைப் பக்கம் சண்டை தொடங்கியபோது அப்பா வவுனியாவில் அகப்பட்டுக்கொண்டார். நீ வயிற்றில். வளவில் காகம் கத்தினால் உன் அண்ணா ஓடிப்போய், “அப்பா வாறாரா?” என்று அதனிடம் கேட்பான். நானும் பிடிச் சோறு வைப்பேன். நீ பிறந்து, 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு முதல்நாள்தான் காட்டுப் பாதையால் வந்து சேர்ந்தார். வற்றாப்பளை அம்மனை நினைத்து கண்ணகி என்று வைக்க இருந்தோம். காகத்தின் கதையைக் கேட்டுச் சிரித்தவர், “அப்ப இவள் நச்செள்ளை” என்றார்.

நச்செள்ளை என்பது ஒரு சங்ககாலப் புலவரின் பெயர். குறுந்தொகையில் 210 ஆவது பாட்டு அவள் பாடியது. பிரிந்து போனவன் திரும்பி வந்துவிட்டான். தோழி சொல்கிறாள்: விருந்து வரும் என்று கரைந்த காகத்துக்கு, வள்ளல் நள்ளியின் காட்டு ஆயர்களுடைய பசுநெய்யும் தொண்டியில் விளைந்த வெண்ணெல்லுச் சோறும் ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது. அந்தப் பாட்டால்தான் அவளுக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் வந்தது. காகத்தைப் பாடினவள்தானே என்று லேசாக நினைக்காதே. சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பத்துப் பாட்டில் பாடி, ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணம் பொற்காசும் வாங்கினவள். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்து அது.

அவளுடைய இன்னொரு பாட்டு புறநானூற்றில் 278. மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொன்னதைக் கேட்ட தாய் வாளோடு களத்துக்குப் போய், பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்தவனைக் கண்டதும், பெற்ற நாளைவிடப் பெரிதாக மகிழ்ந்தாளாம். கடைசிச் சண்டையில் மாத்தளனில் நாங்கள் அண்ணாவைத் தேடித் திரிந்தது உனக்கு நினைவிருக்கும். எங்களுக்குக் காண்பதற்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கடைசி வரியில் அவளுக்கும் எனக்கும் சரிவராது. 2009 க்குப் பிறகு அந்தப் பக்கத்தை நான் திறப்பதில்லை.

உனக்குப் பெயர் வந்தது காகத்தின் பாட்டிலிருந்து. அதைத் தெரிந்துகொண்டு, சுருக்குவதென்றால் சுருக்கு. நான் முழுசாகத்தான் கூப்பிடுவேன்.

இரண்டு நாளாக முருங்கையில் ஒரு காகம் இருந்து கத்துகிறது. தைக்கு ரிக்கற் போட்டுவிட்டாயா?

அம்மா