தேன்மொழிக்கு: பழைய வண்டி, புது ஒயர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தப் பழைய கியர் சைக்கிளை உனக்கு விற்றவர் பெயின்ட் அடிப்பதற்காக எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டப் பொறுமையில்லாமல் பையில் அள்ளிப்போட்டு உன் தலையில் கட்டிவிட்டார். நீ கொடுத்த விலைக்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. எஃகுச் சட்டம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. தொண்ணூறுகளில் வந்த ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனிச் சாமான், உழைக்கிற சாமான். நீ இருக்கிற ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்துக் கடைக்காரர் "ஹேண்டில்பாரில் கியர் மாற்றுகிற ஷிஃப்டர் இரண்டும் போய்விட்டது, புதிதாகப் போடுங்கள்" என்றாராம். அங்கே கூலி விற்கிற விலைக்கு உட்கார்ந்து சுத்தம் செய்து கொடுத்தால் அவருக்குக் கட்டுபடியாகாது. உனக்கு ஒரு சனிக்கிழமைதான் செலவு. அவசரப்பட்டுப் புதியதை வாங்கிவிடாதே கண்ணு.

ஷிஃப்டரின் கட்டைவிரல் லீவரை அழுத்தினால் எதையும் பிடிக்காமல் ஆடுகிறது என்று எழுதியிருந்தாய். அது உடைந்ததன் அறிகுறி அல்ல. உள்ளே ஒரு சிறிய பல்வளையமும், அதன் பல்லில் விழுந்து பிடிக்கிற நகம்போன்ற கொக்கிகளும் இருக்கின்றன. கொக்கியைத் தள்ளுவது தலைமுடிபோல மெல்லிய ஒரு ஸ்பிரிங். கம்பெனியில் வைத்த கிரீஸ் முப்பது வருடத்தில் இறுகி மெழுகாகிவிட்டால் அந்த ஸ்பிரிங்கால் கொக்கியைத் தள்ள முடியாது. கொக்கி பல்லில் விழாது, லீவர் சும்மா ஆடும். அவ்வளவுதான் வியாதி.

மேல்மூடியைத் திறந்து எடுத்த படத்தில் மஞ்சளாகத் திரண்டிருப்பது அந்தக் கிரீஸ்தான். மூடியைத் திறந்த வரையில் சரி, அதோடு நிறுத்து. நடுவில் இருக்கிற நட்டைக் கழற்றினால் சுருள் ஸ்பிரிங் துள்ளி வெளியே வரும். அதைத் திரும்ப உட்கார வைப்பது எனக்கே பிடிக்காத வேலை. இங்கே என்றால் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருப்பேன். அங்கே டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரே போதும். தின்னர், அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தாராளமாக அடி, லீவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்து, வழிகிற அழுக்கைத் துடை, மறுபடி அடி. முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எப்போதாவது ஒரு 'டிக்' கேட்கும், போகப்போக ஒவ்வொரு அழுத்தலுக்கும் கேட்கும். பின் கியருக்கான வலதுகை ஷிஃப்டரில் ஏழு நிலைக்கு ஆறு 'டிக்'. காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விடு. கெட்டிக் கிரீஸை மறுபடி வைத்தால் பழைய கதைதான்.

இனி ஷிஃப்டரிலிருந்து உறைக்குள் ஓடிக் கியரை இழுக்கிற ஒயர். கியர் வேலையில் முக்கால்வாசி இதுதான். நம் சைக்கிள் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ராடு பிரேக் வண்டிகள், அவற்றில் ஒயரே கிடையாது. கியர் சைக்கிளை முதலில் கொண்டுவந்தவர்கள் கல்லூரிப் பையன்கள். எல்லோரும் டிரெய்லியரில், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளுகிற பாகத்தில், இருக்கிற திருகுகளைத் திருகித் திருகிக் கெடுத்துவிட்டுத்தான் வருவார்கள். கோளாறு பெரும்பாலும் ஒயர் உறைக்குள் இருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். கிளிக் வைத்த கியரை 1984இல் ஷிமானோ தன் பந்தய சைக்கிள் சாமானில் கொண்டுவந்தது, பிறகு மலை சைக்கிள்களுக்கும் வந்தது. அதற்கு முன் ஓட்டுகிறவரே காதால் கேட்டு லீவரை நிறுத்த வேண்டும். கிளிக் வந்தபின் லீவர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுதான் இழுக்கும். உன் ஏழு கியரில் அது சுமார் 3 மில்லிமீட்டர். அந்த இழுப்பில் டிரெய்லியர் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு, சுமார் 5 மில்லிமீட்டர், நகர வேண்டும். இந்த மூன்றில் அரை மில்லிமீட்டர் உறை நசுங்குவதிலோ உரசலிலோ போய்விட்டால் செயின் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் நின்று கரகரக்கும்.

அதனால் உறை வாங்கும்போது கியர் உறை என்று கேட்டு வாங்கு. 4 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் குறுகாது. பிரேக் உறை 5 மில்லிமீட்டர், கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், வளைத்தால் அளவு மாறும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் கியர் சரியாக விழாது, அந்த அளவோடு போய்விடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவதுதான் ஆபத்து. நீளவாக்குக் கம்பிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் வெடித்துப் பிரியும். பையில் கறுப்பு உறைத் துண்டுகள் கலந்து கிடக்கின்றன. வெட்டிய முனையைப் பார்த்து இரண்டாகப் பிரித்து வை. உள்ளே ஓடுகிற ஒயரும் வேறுதான்: கியருக்கு 1.2 மில்லிமீட்டர், பிரேக்குக்கு 1.5 அல்லது 1.6.

உறையைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டாதே, முனை நசுங்கும். ஒயர் வெட்டும் கட்டரை யாரிடமாவது இரவல் வாங்கு. வெட்டியபின் முனையை அரத்தால் தட்டையாக ராவு. உள்ளே வெள்ளைக் குழாய் ஒன்று இருக்கும், வெட்டும்போது அதன் வாய் மூடிக்கொள்ளும். ஊக்கின் முனையை விட்டுச் சுழற்றி வாயைத் திற. பிறகு ஒவ்வொரு முனைக்கும் தொப்பி போடு. நீளத்துக்குப் பழைய துண்டுகளை நம்பாதே. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார், எங்கும் இழுக்கக் கூடாது. டிரெய்லியருக்குள் நுழைகிற கடைசி வளைவில் சிக்கனம் பார்க்காதே. அது குட்டையாகி மடங்கினால் நீ செய்த மற்ற எல்லாமே வீண்.

ஒயரை மாட்டுவதற்கு முன்பே டிரெய்லியரில் இருக்கிற 'எச்', 'எல்' திருகுகளைப் பார்த்துவிடு. ஒயருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. டிரெய்லியர் இரண்டு ஓரத்திலும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான வேலி மட்டும்தான். ஒயர் இல்லாதபோது அது தானாகச் சின்னச் சக்கரத்துக்கு வந்து நிற்கும். பின்னாலிருந்து பார்த்தால் டிரெய்லியரில் செயின் ஓடுகிற மேல் உருளை அந்தச் சக்கரத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அது 'எச்'. பிறகு பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டிரெய்லியரைக் கையால் உள்ளே தள்ளு. செயின் பெரிய சக்கரத்தில் ஏறியபின் அது ஆரக்கம்பிப் பக்கம் ஒரு மயிரிழைகூடப் போகாமல் நிற்க வேண்டும். அது 'எல்'. இதைப் பார்க்காமல் நீ ஏறக் கூடாது. மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது டிரெய்லியர் ஆரங்களில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

இப்போது ஒயர். சின்ன லீவரைத் தட்டித்தட்டி ஷிஃப்டரைக் கடைசிவரை தளர்த்து. அப்போதுதான் உள்ளே ஒயரின் தலை உட்காரும் குழியும் வெளித்துளையும் நேராகும். ஒயர் நுழையவில்லை என்று பலர் முட்டிமோதுவது இதைச் செய்யாததால்தான். பெடல் அச்சுக்கு அடியில் ஒயர் ஓடுகிற பிளாஸ்டிக் வழிகாட்டியில் பழைய மண் இருக்கும், சுரண்டிவிடு. டிரெய்லியரில் ஒயர் நுழையும் கைத்திருகை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடு. ஒயரைக் கையால் விறைப்பாக இழுத்துப் பிடித்துப் போல்ட்டை இறுக்கு. பிறகு சட்டத்தின் கீழ்க்குழாய் ஓரமாக ஓடுகிற ஒயரை விரலால் நாலைந்து முறை நன்றாக இழு. உறைகள் தொப்பிகளில் போய் உட்காரும், கொஞ்சம் தொய்வு வரும். மறுபடி இறுக்கு.

பெடலைச் சுற்றி ஒரு 'டிக்'. செயின் இரண்டாவது சக்கரத்துக்கு ஏறவில்லையா? பின்னாலிருந்து பார்த்தபடி கைத்திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று. மூன்றாவதில் உரசுகிறதா? வலஞ்சுழியாகக் கால் சுற்று. இரண்டாவது சக்கரம் சரியானால் பெரும்பாலும் மற்றவையும் சரியாகும். ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்கும்போது மட்டும் தயங்கினால் கைத்திருகைத் தொடாதே. ஏற்றுவது உன் விரல் பலம், இறக்குவது டிரெய்லியர் ஸ்பிரிங் மட்டும். அதனால் உரசல் முதலில் இறக்கத்தில்தான் தெரியும். எந்த உறை மடங்கியிருக்கிறது என்று தேடு. முன் கியர் இவ்வளவு நுணுக்கம் இல்லை. செயினைத் தள்ளுகிற கூண்டு பெரிய பல்சக்கரத்துக்கு இணையாக, பல் நுனிக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் போதும்.

ஷிஃப்டரை ஹேண்டில்பாரில் மிகவும் இறுக்காதே. வண்டி விழுந்தால் அது கொஞ்சம் சுழன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் லீவர் முறியும். மிச்ச ஒயரை இரண்டு விரல் நீளம் விட்டு வெட்டி, நுனியில் மூடி போட்டு நசுக்கு.

ஒரே ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. மூன்றாவது படத்தில் டிரெய்லியர் தொங்குகிற இடம் உள்பக்கம் வளைந்ததுபோல் தெரிகிறது. வளைந்திருந்தால் எந்த ஒயரும் உதவாது. வண்டியை நேராக நிறுத்தி, பின்னாலிருந்து உன் கண்ணைச் சக்கர உயரத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. நீயாக ஸ்பேனரை மாட்டி நெம்பாதே.

முதல் ஓட்டம் திரைசாம் ஆற்றோரச் சமதரையிலேயே இருக்கட்டும். ஒயர் இன்னும் கொஞ்சம் உட்காரும், கைத்திருகிலேயே சரிசெய்யலாம். ஷாவின்ஸ்லாண்ட் மலை 1284 மீட்டராம், உன் தோழிகள் கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். பிரேக் ஒயரை எப்படி மாற்றுவது என்று நான் எழுதி, நீ மாற்றி, படம் அனுப்பிய பிறகு போகலாம்.

அன்புடன்,
அப்பா