பல்லை எண்ணி விலங்கைக் கணக்கிடாதே

மண்டபம்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. இங்கே வாடை தொடங்கிவிட்டது, வடகரையில் வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் எல்லோரும் நலம்.

அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டு அடுக்கு, டைனோசர் காலத்து ஆற்றுப் படிவு. அதன் களிமண்ணைச் சலித்து நீ எடுத்த புதைபடிவங்களின் பட்டியலைப் பார்த்தேன். முதலைப் பல் நிறைய, தவளை எலும்பு இரண்டே துண்டு. அதை வைத்து ‘முதலைகள் மலிந்த ஆறு’ என்று எழுதிவிட்டாய். அவசரப்படாதே. முதலை ஆயுள் முழுக்கப் பல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும். இங்கே கரையில் ஒரு சுறாத் தாடையைப் பிளந்து பார், முன்வரிசைக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் ஈறுக்குள் படுத்துக் கிடக்கும். ஒரு விலங்கு, நூற்றுக்கணக்கில் பல். தவளை எலும்போ ஈர்க்குச்சி மாதிரி, உருண்டாலே நொறுங்கிவிடும். எது இருந்தது என்று சொல்லலாம், எது அதிகம் என்று சொல்ல முடியாது.

சுறாப் பல்லிலும் கவனம். கல்லமேட்டுக்குக் கீழே ஒட்டக்கோவில், கல்லங்குறிச்சி அடுக்குகள், இரண்டும் கடல் படிவு. விளிம்பு மழுங்கி, எனாமல் மங்கியிருந்தால் ஆறு பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்ததாக இருக்கலாம். அதைத் தனியாக வை.

2 மி.மீ. சல்லடையோடு நிறுத்தினாயா? அப்படியானால் சின்னதெல்லாம் போயிருக்கும். கீழே 0.5 மி.மீ. ஒன்று கட்டாயம். 2013-இல் ட்ரூடான்டிட் (பறவை போன்ற சிறிய டைனோசர் வகை) என்று அறிவிக்கப்பட்ட கல்லமேட்டுப் பல் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு பல்லால் இந்தியத் துணைக்கண்டத்தின் டைனோசர் பட்டியலே மாறியது.

மண்ணை நன்றாக வெயிலில் காயவைத்து, எடை போட்டு, அதன் பிறகே ஊறவை. ஈரம் இருந்தால் களி கரையாது. கரையாத கட்டியை மறுபடி காயவைத்து, சில மணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்று, உதிர்ந்துவிடும். குழாயைப் பீய்ச்சாதே, சல்லடையை வாளித் தண்ணீரில் மெல்ல ஆட்டு. அடுத்த அடுக்குக்குப் போகுமுன் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கியெடு. கண்ணியில் சிக்கிய பழைய துணுக்கு நீலமாகத் தெரியும், கலப்படம் பிடிபடும்.

மண் மூட்டைகளில் பாதியை இங்கே அனுப்புவதாக எழுதியிருக்கிறாய், அனுப்பு. ஆனால் இங்குள்ள போர்த் தண்ணீர் உவர்ப்பு. காயும்போது உப்பு எலும்புக்குள் படிகமாகி வெடிக்கச் செய்யும். கடைசி இரண்டு அலசலுக்கும் நல்ல தண்ணீர் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் அடுக்கின் பெயரையும் காய்ந்த எடையையும் பென்சிலால் எழுதிப் போடு, மை ஈரத்தில் கரைந்துவிடும்.

அன்புடன்,
இராசு