அந்தக் கேள்விக்குக் கோபப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. உன் அறையில் தங்கியிருக்கும் பையன், "நீங்க இரட்சிக்கப்பட்டாச்சா?" என்று கேட்டானாம். "தலைமுறை தலைமுறையா கிறிஸ்தவங்க நாங்க, என்கிட்ட கேக்கிற கேள்வியா இது?" என்று நீ சுள்ளென்று பதில் சொன்னாயாம். இயேசுவை நீயாக விசுவாசித்துப் பாவமன்னிப்புப் பெற்றாயா என்பதுதான் அவன் கேட்டது. போனில் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வழி முதலூரிலிருந்து வருகிறது என்று தாத்தா சொல்வார். 1799-இல் உண்டான ஊர் அது. விசுவாசித்ததற்காகச் சொந்த ஊரில் இருக்கமுடியாமல் போனவர்களை உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் கூட்டிவந்து குடிவைத்த இடம். இருந்த வீட்டை விட்டு, சொந்தக்காரர்களை விட்டு வந்தார்களே, அது அவர்களுடைய விசுவாசம். அதிலிருந்து நமக்கு வந்தது ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் நாற்பத்தோரு வயதுவரை காலம் தள்ளினேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நம் பனந்தோட்டம், அந்த விளையின் தெற்கு வேலி உனக்கு நினைவிருக்கும். உன் தாத்தா காலத்தில் அந்த உடைமுள் வேலியை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கட்டி, பக்கத்து விளைக்காரருடைய இரண்டு பனை நம் பக்கம் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். முள் சுமந்து கொடுத்தவனே நான்தான். அப்புறம் அந்தப் பனைகளின் குத்தகைப் பணத்தையும் வருஷாவருஷம் வாங்கினேன். அதிலிருந்து காணிக்கையும் போட்டேன். சபையின் சேகரக் கமிட்டியில் இருந்தேன், சபை விருந்தான அசனத்துக்கு அரிசி அளந்தேன், ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை.

1994-இல் ஒரு ஞாயிறு, பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிற முறை எனக்கு. உபாகமம் 27. மைக் முன்னால் நின்று வாசித்துக்கொண்டே வருகிறேன், "பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்" என்று வந்தது. நிமிர்ந்தால் மூன்றாவது வரிசையில் அந்தப் பக்கத்து விளைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வேதப்புத்தகத்தில் வசனத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு மேலே வாசிக்க வரவில்லை. எப்படியோ முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அன்று ராத்திரி மாட்டுத் தொழுவத்தில் முழங்கால் போட்டேன். அதுவரை "எங்கள் பாவங்களை" என்று சபையோடு சேர்ந்து சொல்லிப் பழகின வாய், முதல்முறையாக "என் பாவம்" என்று சொன்னது. இயேசு எனக்காக மரித்தார் என்பது ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். அந்த 'எனக்காக' அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. மறுநாள் விடியுமுன் அரிவாளோடு போய் வேலியைப் பிரித்தேன். வேலியைப் பிரித்ததால் எனக்கு இரட்சிப்பு வந்தது என்று எண்ணிவிடாதே. அநியாயமாக வரி வாங்கின சகேயுவைப் பார். இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நிற்கிறான். எனக்கும் அப்படித்தான், பிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மெத்தடிஸ்ட் சபைக்குக் காரணமான ஜான் வெஸ்லியை உனக்குத் தெரியும். 1728-இல் குருப்பட்டம் பெற்றவர், 1735-இல் மிஷனெரியாக அமெரிக்காவுக்கே கப்பல் ஏறினவர். வழியில் புயல். கப்பலிலிருந்த ஆங்கிலேயர் அலறுகிறார்கள், மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் அமைதியாகச் சங்கீதம் பாடுகிறார்கள். உங்கள் பெண்களும் பிள்ளைகளும் பயப்படவில்லையா என்று கேட்டால், அவர்கள் சாகப் பயப்படுகிறவர்கள் இல்லை என்று பதில் வருகிறது. இவருக்கோ மரண பயம். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், கிறிஸ்து தன் பாவங்களையே எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. பட்டம் பெற்றுப் பத்து வருஷம் கழித்து! அவருக்கே அந்தக் கேள்வி தேவைப்பட்டது என்றால் நாம் எம்மாத்திரம்.

இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்லத் தெரியவேண்டும் என்று சிலர் வற்புறுத்துவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உன் அம்மாவுக்குத் தேதி கிடையாது. சின்ன வயதிலிருந்தே ஆண்டவரோடு பேசிப் பழகினவள். ஆனால் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார், ஒரு விநாடி யோசிக்கமாட்டாள், கோபமும் வராது.

நீ பத்து வயதில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் கை தூக்கிவிட்டு, பென்சிலில் பேர் எழுதின ஒரு அட்டையோடு ஓடிவந்தாய். என் பழைய வேதப்புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. அதை நான் லேசாக எண்ணவில்லை தம்பி. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்தது என்ன ஆயிற்று என்று உனக்குத்தான் தெரியும். இயேசு சொன்ன உவமையில், விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் புத்தியுள்ளவர்களாலும் தங்கள் எண்ணெயைப் பங்கு வைக்க முடியவில்லை. உனக்காக நான் ஜெபிக்கலாம், ராத்திரியெல்லாம்கூட ஜெபிப்பேன். உனக்குப் பதிலாக விசுவாசிக்க என்னால் ஆகாது. அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. அவன் கேட்டதைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவர் முன்னால் நீயே ஒருமுறை கேள். அவசரமில்லை என்று மட்டும் தள்ளிப்போடாதே.

மே மாதம் வரும்போது விளைக்குப் போவோம். அந்த இரண்டு பனையும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன, காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா